மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று ஒரு பழமொழி உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று வீட்டில் யாராவது புலம்பினால் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வது. படைத்தவன் பார்த்துக்கொள்வான், நீ கவலைப்படாதே என்று அர்த்தம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொது இடத்தில் நட்ட மரக்கன்றுகளின் கதையைப் பார்த்தால் இந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது! மரம் வைத்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, போட்டோவுக்கு நின்றுவிட்டு, வண்டியேறிப் போய்விடுகிறார். மறுநாள் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியது யார் என்று கேட்டால் பதில் இல்லை. மாசி, பங்குனியில் கன்று காய்ந்துவிடும். அடுத்த வருடம் அதே குழியில் வேறொரு கன்று, அதே சொம்பு, புதுப் பேனர்...

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊருக்கு ஒரு பொதுப் பழத்தோப்பு வைக்கலாமே என்று இளைஞர் மன்றங்களிலும் பழைய மாணவர் கூட்டங்களிலும் அடிக்கடி பேச்சு எழுவதுண்டு. நல்ல எண்ணம். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: என்ன கன்று வாங்கலாம், எத்தனை வாங்கலாம், யாரைக் கூப்பிட்டு நடலாம்? இவை மூன்றும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, பழம் யாருக்கு? அடுத்தது, மூன்று கோடைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? யோசித்துப் பார்த்தால் இவை இரண்டும் ஒரே கேள்விதான். பழம் யாருக்கு என்று தெரிந்துவிட்டால், தண்ணீர் ஊற்ற ஆள் தானாக வந்துவிடும்.

தோப்பு புதிதல்ல

பொதுத் தோப்பு என்பது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லை. கிராமத்து வருவாய்க் கணக்கைப் புரட்டினால் ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துமேடு, சுடுகாடு என்ற வரிசையில் "தோப்புப் புறம்போக்கு" என்றும் ஒரு வகை வரும். தோப்பு என்ற சொல்லை ஆங்கிலேய அதிகாரிகள் மொழிபெயர்க்கக்கூட முயலவில்லை. "டோப்" என்றே தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மேய்ச்சல் நிலம், களம், மயானம், வண்டி நிறுத்தும் இடம் இவற்றோடு தோப்புகளையும் கிராம ஊராட்சியின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது.

ஆக, சட்டத்தில் தோப்பு இருக்கிறது. தரையில்தான் பல ஊர்களில் இல்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் புளியமரங்கள். அதுவும் ரோட்டோரத்தில். நாலுவழிச் சாலை வந்தபோது அவற்றிலும் ஏராளமானவை போய்விட்டன.

பள்ளிக்கூடத்தில் "அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்" என்று எழுதி மதிப்பெண் வாங்காதவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அசோகரைப் பற்றி வேறு எது மறந்தாலும் அது மறக்காது. ஆனால் அந்தத் தூண் கல்வெட்டு சொல்வது அது மட்டும் அல்ல. ஆலமரங்களும் மாந்தோப்புகளும் வைத்ததைச் சொல்லும் அதே இடத்தில், வழி நெடுகக் கிணறு வெட்டியதையும் சொல்கிறது. மனிதருக்கும் கால்நடைக்கும் பயன்படட்டும் என்று காரணமும் சொல்கிறது. மரம் பரீட்சைக்கு வந்தது, கிணறு வரவில்லை. மரம் நடும் விழாக்களிலும் இன்றுவரை அதே கதைதான்.

நூறு குடம் கணக்கு

சரி, இந்தச் சமவெளியைப் பற்றிக் கொஞ்சம் பார்க்கலாம்.

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் நாமக்கல். தெற்கு ஓரம் காவிரி பாயும் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாழையும் வெற்றிலையும் பசேலென்று இருக்கும். அங்கிருந்து உள்ளே ராசிபுரம், வெண்ணந்தூர், மல்லசமுத்திரம், திருச்செங்கோடு என்று போனால் செம்மண்ணும் சரளையும் மானாவாரியும்தான். நாமக்கல்லில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் மழை. சேலத்தில் அதைவிடச் சற்று அதிகம். அதிலும் பெரும்பகுதி ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டிவிடும். தை பிறந்தால் வானம் மூடிக்கொள்ளும். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளின் ஊர் திருச்செங்கோடு. அந்த ஊரைச் சுற்றியே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அங்கே உள்ள விவசாயியைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

இப்போது ஒரு ஏக்கர் பொது நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாமரத்துக்கு வரிசைக்கு வரிசை, மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட வேண்டும். அப்படி வைத்தால் ஏக்கருக்கு 40 மரம். நடுவில் கிடக்கும் காலி இடத்தில், பெரிய மரங்கள் கிளை விரிக்கும் வரைக்கும் கொய்யா, சீத்தா மாதிரிச் சின்ன மரங்கள் இன்னொரு 40 வைக்கலாம். மொத்தம் 80 கன்று.

கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 80 கன்றுக்கு 1,600 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் தூக்கினால் நூறு குடத்துக்கு மேல்! ஐந்து நாளைக்கு ஒரு தடவை என்றாலும் மாசி முதல் வைகாசி வரை 24 தடவை. ஒரு கோடைக்கு 38,400 லிட்டர். கன்று வேர் பிடித்துத் தன் காலில் நிற்க மூன்று கோடை ஆகும் என்றால், 1 லட்சத்து 15 ஆயிரம் லிட்டர்.

ஒரு ஆள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சம்பளம் இல்லாமல் இதைச் செய்யமாட்டார். செய்யவும் முடியாது. ஆனால் இதே கணக்கை 20 குடும்பங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு 4 கன்று. 80 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒரு முறை ஐந்தாறு குடம். பக்கத்தில் ஒரு தொட்டியும் குழாயும் இருந்தால் அரை மணி நேர வேலை. நூறு குடம் பயமுறுத்தும், ஆறு குடம் பயமுறுத்தாது. ஆனால் அந்த ஆறு குடத்தையும் ஒருவர் ஏன் தூக்க வேண்டும்? மறுபடியும் முதல் கேள்விக்கே வந்தாயிற்று.

எங்கே, எப்போது, என்ன

அந்தக் கேள்விக்குப் போகும் முன், நடுவதைப் பற்றிச் சில விஷயங்கள். இவை தெரியாமல் செய்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வீண்.

இடம்: காலியாகக் கிடக்கிறது என்று ஏரிக்குள் போய் நடக்கூடாது. ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் நீர் நிற்கும் இடம் நீருக்குத்தான். மேய்க்கால் நிலத்திலும் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். ஐந்து ஆடு வைத்திருக்கும் பாட்டிக்கு அதுதான் சொத்து. அங்கே வேலி போட்டுவிட்டு "சமுதாயத் தோப்பு" என்று போர்டு வைத்தால், அந்தப் பாட்டி சமுதாயத்தில் இல்லை என்று அர்த்தமாகிவிடும். கணக்கில் தோப்பு என்றே இருந்து இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலம்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

காலம்: சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. விழாக்கள் அன்றுதான். ஆனால் இந்தப் பக்கம் அதற்கப்புறம் வருவது ஆடிக் காற்று! அம்மியையே பறக்க வைக்கும் காற்றில் இரண்டடிக் கன்று என்ன செய்யும்? சித்திரை, வைகாசியில் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து வெயிலில் ஆறப்போட்டு, ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை முழுவதும் வேருக்குக் கிடைக்கும். போட்டோ மூன்று மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எரு: நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பண்ணையிலிருந்து வந்ததை அப்படியே குழியில் கொட்டினால் சூட்டில் வேர் வெந்துவிடும். நன்றாக மக்க வைத்துத்தான் போட வேண்டும். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் மல்கோவா என்று நட்டது வெறும் நாட்டு மாவாக வளர்ந்து நிற்கும். கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி, அதன்மேல் சோகையோ கடலைத் தொல்லியோ போட்டு மூடாக்கு. ஊற்றும் தண்ணீர் வெயிலுக்குப் போகாமல் வேருக்குப் போகும்.

வேலி: கம்பிவேலிக்குப் பணம் இல்லை என்று தோப்பையே கைவிட வேண்டியதில்லை. கொங்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கிளுவை வேலி இருக்கிறதே! குச்சியை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் முள்ளோடு வளர்ந்து நிற்கும். அது பிடிக்கும் வரை வெட்டிய சீமைக்கருவேல முள்ளே காவல்.

மரம்: சேலம் என்றாலே மாம்பழம். மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, பெங்களூரா, குண்டு, நடுசாலை என்று பெயரைக் கேட்டாலே நாக்கில் ஊறும். அதற்காக 40 குழியிலும் மாவே வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. 2025-ல் கிருஷ்ணகிரிப் பக்கம் கிளிமூக்கு மாங்காய் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு விழுந்தது. கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் பறிக்காமல் விட்டார்கள். ஒரே மரத்தை நம்பியவர்களின் கதி அது. மாம்பழம் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் கையை விரிக்கும் குணமும் அதற்கு உண்டு.

ஊர்த் தோப்பு மண்டிக்கான தோப்பு இல்லை. அதில் வருடம் முழுக்க ஏதாவது பழுத்துக்கொண்டிருக்க வேண்டும். மாசி, பங்குனியில் புளி. சித்திரை முதல் ஆனி வரை மா. ஆனி, ஆடியில் நாவல். ஆவணி, புரட்டாசியில் சீத்தா. கார்த்திகை, மார்கழியில் நெல்லி. இடையிடையே கொய்யாவும் சப்போட்டாவும். வேலியோரம் கொடுக்காப்புளி, இலந்தை, விளாம்பழம். இவற்றில் பாதி, அதிகத் தண்ணீர் கேட்காத மரங்கள். பறவைகளுக்கும் பங்கு கிடைக்கும்.

மூக்கனேரி சொல்வது

"இதெல்லாம் பேசலாம், நடக்காது" என்பவர்கள் சேலத்தில் கன்னங்குறிச்சி வரை ஒரு நடை போய் வரலாம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் மூக்கனேரி 58 ஏக்கர். குப்பையும் முட்செடியுமாகக் கிடந்த அதை 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பு, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு கையில் எடுத்தது. அந்தக் குழுவில் முன்னால் நின்றவர் பியூஷ் மானுஷ். பொதுமக்களின் நன்கொடையில் தூர் வாரி, வாரிய மண்ணை வெளியே கொண்டு போகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள். அவற்றின் மேல் ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். மண் சரியாமல் இருக்க வெட்டிவேரும் வைத்தார்கள். பிறகு பறவைகள் வந்தன.

அது பழத்தோப்பு இல்லைதான். இருந்தாலும் தோப்பு வைக்க நினைப்பவர்கள் அங்கே கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே முதலில் தண்ணீருக்கு இடம் செய்தார்கள், மரம் அதற்குப் பிறகுதான் வந்தது. திட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஆடு மாடு போக முடியாது. வேலியும் தண்ணீரே, பாசனமும் தண்ணீரே! மேட்டு நிலத்துத் தோப்புக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வேலியும் பாசனமும் மனிதர்கள்தான்.

ஏலம் எடுத்தவர் தோப்பு

இப்போது பழம் யாருக்கு என்ற கேள்விக்கு வரலாம்.

இப்போதைய வழக்கம் ஏலம். ரோட்டோரப் புளியமரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் ஏலம் விடுகின்றன. பணம் பொது நிதிக்குப் போகிறது. அதில் தவறில்லை. ஆனால் ஏலம் எடுத்தவருக்கு அந்த ஒரு பருவத்து மகசூல்தான் கணக்கு. அடுத்த வருடம் ஏலம் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் அவர் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஏன் கிளையை முறிக்காமல் உலுக்க வேண்டும்? வளர்ந்த புளியமரம் இதைத் தாங்கும். மூன்று வயது நெல்லிக்கன்று தாங்காது. பொறுக்க வரும் பிள்ளைகளை விரட்டுவதும் அவருடைய வேலையாகிவிடும். பொதுத் தோப்பில் பிள்ளைகளை விரட்ட ஒருவர் நிற்பதைவிடக் கேவலம் உண்டா?

சரி, ஏலமே வேண்டாம், யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும் என்றால்? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2012-ல் தொடங்கிய பீக்கன் உணவுக்காடு அப்படித்தான் நடக்கிறது. ஏறத்தாழ 7 ஏக்கர் திட்டம், நகராட்சி நிலம், தன்னார்வலர் உழைப்பு, யாரும் பறிக்கலாம். ஜெர்மனியின் சில மாவட்டங்களில் பழமரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால், போகிறவர் வருகிறவர் பறித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்திருக்கிறார் என்று அர்த்தம். அழகான வழக்கங்கள். ஆனால் அங்கே மரம் காய்ந்தால் ஒருவருடைய அடுப்பு அணையப் போவதில்லை. இங்கே கோடையில் வேலை இல்லாமல் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு மரத்து மாங்காய் என்பது பொழுதுபோக்கு இல்லை, ஒரு மாதச் செலவு. அதோடு, எல்லோருக்கும் திறந்து விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் விட்டால் அடுத்தவன் பறித்துவிடுவான் என்று ஒவ்வொருவரும் நினைக்க, மாங்காய் பிஞ்சிலேயே போய்விடும்.

அப்படியானால் ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்துவிடலாமா? "வாடி" என்ற திட்டம் அந்த வழியில்தான் வென்றது. 1982-ல் குஜராத்தின் வான்ஸ்தா பகுதியில் பைஃப் நிறுவனம் பழங்குடிக் குடும்பங்களோடு தொடங்கியது. குஜராத்தியில் வாடி என்றால் சிறு தோட்டம். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் அளவில் மாவும் முந்திரியும், ஓரத்தில் காட்டு மரங்கள். பிறகு நபார்டு வங்கி அதைப் பல மாநிலங்களுக்கு எடுத்துச் சென்றது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், மரமும் பிழைத்தது. ஆனால் வாடி வைக்கக் கையில் ஒரு ஏக்கராவது இருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும் தரிசு நிலம் வைத்திருந்தவர்களை 10, 15 ஏக்கர் தொகுப்பாகச் சேர்த்து, பொதுவில் ஆழ்துளைக் கிணறு போட்டு, பழமரம் வைக்கச் சொன்னது. நல்லதுதான். நிலமே இல்லாதவர் எந்தத் தொகுப்பில் சேர்வது?

நிலம் ஊருக்கு, மரம் பெயருக்கு

இதற்கு விடை பழைய வருவாய்க் கணக்கிலேயே இருக்கிறது. "2சி பட்டா" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மரப்பட்டா என்றும் சொல்வார்கள். புறம்போக்கில் நிற்கும் புளி, மா, பனை போன்ற மரத்தின் பலனை ஒருவர் அனுபவிக்கக் கொடுக்கும் உரிமை அது. அவர் அந்த மரத்துக்கு வரி கட்டுவார், பழம் எடுப்பார். நிலம் மட்டும் அவருடையது ஆகாது. நிலம் ஒன்று, மரம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கணக்கு!

இந்த ஒரு யோசனையைத் தோப்புக்குக் கொண்டு வந்தால் போதும். நிலம் ஊராட்சியிடம். நிழல் எல்லோருக்கும். நான்கு கன்று வீதம் பலன் 20 நிலமற்ற குடும்பங்களின் பெயரில். அதற்காக 2சி என்ற அதே காகிதம்தான் வேண்டும் என்பதில்லை. கிராம சபையில் ஒரு தீர்மானமும், ஊராட்சியோடு ஒரு ஒப்பந்தமும் போதும். பத்து வருடத்துக்கு என்று எழுதலாம். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, கொட்டகை போட முடியாது. தொடர்ந்து ஒரு கோடை தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்தக் கன்றுகள் வரிசையில் அடுத்திருக்கும் குடும்பத்துக்குப் போகும். பலனில் ஒரு சின்னப் பங்கு பொதுத் தொட்டிக்கும் மோட்டாருக்கும்.

மரம் காய்க்கும் வரை அந்தக் குடும்பத்துக்கு என்ன? முதல் மூன்று வருடம் மரத்துக்கு நடுவில் நிலம் சும்மாதானே கிடக்கும்? கடலை, உளுந்து, தட்டைப்பயறு போட்டுக்கொள்ளட்டும். பயிர் பார்க்க வருபவர் கன்றையும் பார்ப்பார். கொய்யா இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும், ஒட்டு மா நாலைந்து வருடத்தில். கணக்கு வழக்குக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய அந்த முயற்சி தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. மாதாமாதம் உட்கார்ந்து கணக்கு எழுதும் பழக்கம் உள்ள இடத்தில் தோப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது பெரிய காரியமா?

பிள்ளைகள்? வேலியோரத்துக் கொடுக்காப்புளியும் இலந்தையும் நாவலும் யார் பெயரிலும் எழுதக் கூடாது. அவை எட்டிப் பறிக்கிற எல்லோருக்கும். உள்ளே பெயர் உள்ள மரம், ஓரத்தில் பெயர் இல்லாத மரம். மாங்காய்க்குக் காவல் இருக்கும், நாவல் பழத்துக்கு இருக்காது. இரண்டும் ஒரே தோப்பில் இருக்கலாம்.

குடத்துக்குள் யார் பெயர்?

கடைசியாக, கஷ்டமான ஒரு விஷயம். அந்த 20 குடும்பத்தை யார் தேர்ந்தெடுப்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தெரியாதவர் இல்லை. பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதில் பலர் கவனிக்காத ஒன்று, ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்றும் ஒன்று இருந்தது. 1,100 வருடத்துக்கு முன்பே தோட்டத்துக்குத் தனிக் குழு! பெருமைப்படலாம். ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருந்தால்தான் குடத்துக்குள் பெயர் போகும். நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்தைத் தொடவே இல்லை.

"ஊர்ப் பொது" என்ற சொல்லுக்கு நீண்ட காலம் இருந்த அர்த்தம் இதுதான். பொதுக்கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பொதுக்குளமும் அப்படியே. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உள்ள அரை கிலோமீட்டரில் தோப்பு எந்தப் பக்கம் வருகிறது, வாசல் எந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது, தொட்டித் தண்ணீரை யார் தொடலாம் என்பதெல்லாம் சின்ன விஷயங்கள் மாதிரித் தெரியும். தோப்பு யாருடையது என்பதை அவைதான் முடிவு செய்யும். அதனால் வரைபடம் போடும்போதே இரண்டு பக்கமும் வாசல் வைக்க வேண்டும்.

2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித் தரச் சொன்னது. திருப்பித் தருவது சரி, ஊர் என்றால் யார் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்றில், எல்லோர் முன்னாலும், குடத்தைக் குலுக்கட்டும். ஆனால் இந்த முறை நிலமில்லாதவர் பெயர் மட்டும்தான் குடத்துக்குள் போக வேண்டும்.

"ஒரு ஏக்கர் தோப்புக்கு இவ்வளவு சட்டதிட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். எண்பது கன்றை ஒரு காலைப்பொழுதில் நட்டுவிடலாம், உண்மைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய பேச்சுவார்த்தைக்கு ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திய இடங்களில்தான் வருடா வருடம் அதே குழியில் புதுக் கன்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழமொழி பொய் இல்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றத்தான் செய்வான், அது தன் மரம் என்று அவனுக்குத் தெரிந்தால். ஆகவே அடுத்த முறை மரம் நடும் விழாவுக்கு யாராவது கூப்பிட்டால் போய் வாருங்கள். மண்வெட்டியைக் கையில் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் கன்று யார் பேர்லங்க?"